ஆர்.ஆர்.ஐ.எம். 600: ஒரு பால்மரத்தின் பிறப்புக் கதை



தோட்டப்புற வாழ்வைப் பற்றிப் பேசும்போது கங்காணியையும் துரையையும் வரிசை வீடுகளையும் நாம் தவறாமல் நினைவுகூர்கிறோம். ஆனால், நம் பாட்டன் பாட்டியர் விடியற்காலையில் சீவிய அந்தப் பால்மரம் எப்படி உருவானது என்று கேட்பதில்லை. அது அரசின் ஆய்வுக்கூடமும் தனியார் தோட்டமும் கைகோத்த வரலாறு.

பிரேசிலிலிருந்து 1876-இல் இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட விதைகளின் வழிவந்த 22 கன்றுகள், 1877-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை அடைந்தன. அப்பூங்காவின் பொறுப்பை 1888-இல் ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்திற்குக் கேடு நேராமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். அவர் அரசு ஊழியர். அவர் கூறியதை நம்பி 1896-இல் மலாக்காவில் ரப்பர் பயிரிட்ட டான் சே யான் தனியார் முதலாளி. கூட்டுறவு அங்கேயே தொடங்கிவிட்டது.

எனினும் ஒரு சிக்கல் இருந்தது. விதையிலிருந்து வளரும் மரங்கள் ஒன்றுபோல் பால் தருவதில்லை. ஒரு மரம் கிண்ணத்தை நிரப்பும். அடுத்தது அடியைக்கூட நனைக்காது. நல்ல மரத்தைத் தேர்ந்து, அதன் மொட்டை எடுத்து வேறொரு கன்றில் ஒட்டினால், தாய்மரத்தின் இயல்பு அப்படியே தொடரும். ஆனால் இதற்குப் பல்லாண்டு ஆய்வு வேண்டும். ஒரு தோட்டத்தால் தனித்துத் தாங்க இயலாது. ஆகவே 1925-இல் சட்டத்தின்வழி மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. ஏற்றுமதியாகும் ரப்பர்மீது விதிக்கப்பட்ட தீர்வையே அதன் செலவை ஈடுகட்டியது.

சிலாங்கூரிலிருந்த பிராங் புசார் தனியார் தோட்டம், தானே நல்ல மரங்களைத் தேர்ந்து பி.பி. 86 என்னும் ஒட்டு வகையை உருவாக்கியிருந்தது. ஜாவாத் தோட்டம் ஒன்றில் பிறந்தது ஜிர் 1. ஆராய்ச்சிக் கழகம் 1937-இல் இவ்விரண்டையும் கலந்தது. அதில் பிறந்ததே ஆர்.ஆர்.ஐ.எம். 600. தேர்ந்தெடுக்கப்படாத பழைய மரங்கள் எக்டருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோ ரப்பர் தந்தன. புதிய மரம் அதைப்போல் மும்மடங்கு தரவல்லதாக இருந்தது. தாய்லாந்திலும் அது பெருமளவில் பயிரிடப்பட்டது.

இக்கூட்டுறவில் அரசும் முதலாளிகளும் பங்காளிகள். ஆனால் தீர்வை விதிக்கப்பட்ட ஒவ்வொரு கிலோவும் யார் கையால் சேர்ந்தது? எந்த ஒட்டு மரம் அதிகப் பால் தருகிறது என்பதை அறிவியலாளர் ஏட்டில் எழுதுமுன், அதைச் சீவிக் கிண்ணத்தில் சேர்த்தது யார்? தோட்டங்களில் அவர்களுள் பெரும்பாலோர் தமிழர்கள். மரங்களுக்குப் பெயரும் எண்ணும் கிடைத்தன. சீவியவர்களின் பெயர்கள் ஆய்வேடுகளில் இடம்பெறவில்லை.

பிராங் புசார் தோட்டம் இருந்த மண்ணில் 1995 முதல் புத்ராஜெயா எழுந்தது. அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஆராய்ச்சிக் கழகம் 1998-இல் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைந்தது. சுங்கை பூலோவிலிருந்த அதன் ஆய்வு நிலத்தின் பெரும்பகுதியும் நகர மேம்பாட்டிற்குச் சென்றது. பெற்றோர் இருந்த வீடுகள் மறைந்தன. பிள்ளை மட்டும் பல நாடுகளில் பால் சுரந்துகொண்டிருக்கிறது.

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே! வகுப்பில் ரப்பர் பற்றிய பாடம் வரும்போது ரிட்லியோடு நிறுத்திவிட வேண்டாம். பால்மரம் சீவிய தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், எந்தத் தோட்டம், எத்தனை மரம், என்ன வகை என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். ஆய்வேடு விட்டுவிட்ட பக்கத்தை நம் பிள்ளைகளின் குறிப்பேடாவது நிரப்பட்டும்.