ஆறாத காம்புப் புண்

எங்கள் நோய்க்குறியியல் துறைக்கு வரும் மாணவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுவேன்: பேஜட் பெயரில் இரண்டு நோய்கள் உண்டு. 1877-ல் அவர் எழுதியது எலும்பு நோய். அதற்கு மூன்று ஆண்டு முன்பு எழுதியது மார்பு நோய். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை.

சர் ஜேம்ஸ் பேஜட் லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் அறுவை மருத்துவர். எதையும் கூர்ந்து பார்க்கிறவர். 1835-ல், மாணவராக இருந்தபோது, அங்கே அறுத்துப் பார்த்த உடலொன்றின் தசையில் வெண்புள்ளிகள் தென்பட்டன. எலும்புத் துணுக்கு என்று மற்றவர்கள் விட்டுவிட்டதை லென்ஸ் வைத்துப் பார்த்து, புழு என்று கண்டுபிடித்தார்.

அதே கண்தான் 1874-லும். சுமார் 15 பெண்கள். முலைக்காம்பிலும் சுற்றியுள்ள கருவட்டத்திலும் தோல் உரிந்து, செக்கச் செவேலென்று நீர் கசிந்தது. பார்த்தால் கரப்பான். அரிப்பும் எரிச்சலும் தவிர உடம்புக்கு வேறு குறை இல்லை. எந்த மருந்துக்கும் புண் மசியவில்லை. அதிகம் போனால் இரண்டு ஆண்டு. அதற்குள் அதே மார்பில் புற்றுநோய்.

கண்டது சரி, காரணம்தான் பிசகியது. மேல்தோலின் நோய் நாள்பட்டு உள்ளே சுரப்பியைக் கெடுக்கிறது என்று நினைத்தார். 1904-ல் ஸ்வீடன் மருத்துவர் யாக்கோபேயஸ் அதைத் தலைகீழாக்கினார்: புற்று பால்நாளத்தில் பிறந்து காம்புத் தோலுக்கு ஏறி வருகிறது. இன்று பெரும்பாலோர் ஏற்பது இதைத்தான். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நெருக்கமான தோல் செல்களுக்கு நடுவே, பெரிய உட்கருவோடு வெளிறிப் பருத்த செல்கள் தனித்தனியாகக் கிடக்கும். பந்தியில் அழையாமல் வந்து உட்கார்ந்தவர்கள் மாதிரி. பேஜட் செல் என்பது அதுதான்.

மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு 1 முதல் 3 பேருக்குத்தான் இது வரும். அரிது என்பதாலேயே கரப்பான் என்று களிம்பு எழுதிக் கொடுத்து மாதங்கள் ஓடிவிடுகின்றன. ஸ்டீராய்டு களிம்புக்குக் கொஞ்சம் அடங்கினாற்போல் போக்கும் காட்டும். சாதாரணக் கரப்பான் பெரும்பாலும் இரு மார்பிலும் வரும், கருவட்டத்தில் தொடங்கும். பேஜட் பெரும்பாலும் ஒரே பக்கம், காம்பிலேயே தொடங்கும்.

ஆகவே, ஒரு பக்கக் காம்பில் வந்த புண் இரண்டு மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால் அடுத்த களிம்பு வாங்காதீர்கள். பயாப்சியும் மேமோகிராமும் கேளுங்கள். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள், ஆண்களுக்கும் சேர்த்தேதான் சொல்கிறேன்.