நாலு கிராம் கணக்கு

நான் வளர்ந்தது அம்பத்தூர்ல. 1964-ல் வந்த எஸ்டேட்தான் எங்க ஏரியாவுக்கே சோறு போட்டது. எங்கப்பாவும் அங்கே லேத் ஓட்டினவர்தான். எத்தனை கம்பெனி, எத்தனை பேருக்கு வேலைன்னு கணக்கு அன்னிக்கே இருந்தது. அந்தக் காற்று வயிற்றுக் குழந்தையை என்ன செய்யும்ங்கிற கணக்கு ரொம்ப லேட்டாத்தான் வந்தது.

பி.எம். 2.5 எனும் நுண்துகளுக்கு இந்தியா வரம்பு வைத்ததே 2009-ல்தான்: ஆண்டு சராசரி, கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். 2010 முதல் 2015 வரை, பக்கத்து போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திராவின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளை ஆய்வில் சேர்த்தது. 2018-ல் முடிவு வந்தது: நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது.

"நாலு கிராம்தானே அண்ணா?" என்றாள், ஏழு மாதமாக இருக்கும் என் தங்கை. ஒரு குழந்தைக்குச் சின்ன எண்தான். ஆனா ஊரே மூச்சு விடுதே! 2.5 கிலோவை ஒட்டிப் பிறக்கும் குழந்தைகளில் சிலர் அந்தக் கோட்டுக்குக் கீழே போயிடுவாங்க.

2021-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அளவை 5 ஆக இறக்கியது. நம்முடையது 40.

தங்கையை நான் மெயின் ரோட்டை விட்டு, மரம் இருக்கிற தெருவா பார்த்து வாக்கிங் கூட்டிட்டுப் போறேன். எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து பஸ்ஸுக்கு நிற்கும் கர்ப்பிணிக்கு அந்த சாய்ஸ் இல்லை. அவங்களுக்கு வரம்புதான் இறங்கணும்.