சுவரில் தொங்கும் உயிரணு: வளர்சிதைமாற்ற வரைபடத்தின் வரலாறும் அதை வாசிக்கும் முறையும்

உயிர்வேதியியல் துறைகளின் சுவர்களில் ஒரு பெரிய வரைபடத்தைக் காணலாம். நூற்றுக்கணக்கான சேர்மங்களும் அவற்றை இணைக்கும் அம்புக்குறிகளும் நொதிகளின் பெயர்களும் அதில் நெருக்கமாக அச்சிடப்பட்டிருக்கும். முதலாண்டு மாணவருக்கு அது அச்சமூட்டும் மனப்பாடப் பட்டியல். ஆய்வாளருக்கோ பார்த்துப் பழகிப்போன சுவர் அலங்காரம். அது எவ்வாறு உருவானது என்பதை அறிந்தால், அதை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பதும் விளங்கும்.

1897இல் எடுவார்ட் புஃக்னர், ஈஸ்ட் உயிரணுக்களை அரைத்துப் பிழிந்த சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்யும் என்று காட்டினார். உயிரணுவின் வேதிவினைகளைச் சோதனைக்குழாயில் படிப்படியாகப் பிரித்தறியலாம் என்ற நம்பிக்கை அதன்பின் வலுப்பெற்றது. எம்டன், மேயர்ஹாஃப், பர்னஸ் முதலியோரின் உழைப்பால் 1940 வாக்கில் கிளைக்கோலைசிஸ் முழுமையாக அறியப்பட்டது. அது மேலிருந்து கீழே இறங்கும் நேர்கோட்டுப் பாதை.

பாதை வட்டமாகவும் அமையலாம் என்பதை முதலில் உணர்த்தியவர் ஹான்ஸ் கிரெப்ஸ். 1932இல் ஹென்செலைட்டுடன் இணைந்து யூரியா சுழற்சியைக் கண்டறிந்தார். நாஜி ஆட்சியால் பணியிழந்து இங்கிலாந்தில் குடியேறிய அவர், 1937இல் ஷெஃபீல்டில் புறாவின் மார்புத் தசையைக் கொண்டு செய்த ஆய்வுகளின் வழியே சிட்ரிக் அமிலச் சுழற்சியை முன்வைத்தார். அதன் பல கண்ணிகள் முன்பே தெரிந்தவை. சென்ட்-ஜியார்ஜி சில அமிலங்களின் வரிசையைக் காட்டியிருந்தார். மார்ட்டியசும் நூப்பும் சிட்ரேட் சிதையும் வழியைக் காட்டியிருந்தனர். தொடரின் இரு முனைகளையும் சேர்த்து மூடியதே கிரெப்ஸின் பங்களிப்பு. 'நேச்சர்' இதழ் அவருடைய கடிதத்தைத் திருப்பி அனுப்பியது; கட்டுரை 'என்சைமோலோகியா'வில் வெளிவந்தது. சுழற்சிக்குள் நுழையும் சேர்மம் எது என்பது அன்று தெரியாததால், 'ட்ரையோஸ்' என்ற பொதுச்சொல்லை அவர் அந்த இடத்தில் இட்டார். அது அசெட்டைல் கோஎன்சைம் ஏ என்று லைனன் 1951இல்தான் தெளிவுபடுத்தினார். முழுமை பெறாத படமே பதினான்கு ஆண்டுகள் ஆய்வை வழிநடத்தியது.

1950களில் வகுப்பறைக்கு ஒரு புதிய இடர் வந்தது. பாதைகள் தனித்தனி இயல்களாகக் கற்பிக்கப்பட்டன; ஒன்று மற்றொன்றோடு எங்கே சந்திக்கிறது என்பது மாணவருக்குப் புலப்படவில்லை. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் நிக்கல்சன் 1955இல் ஏறத்தாழ இருபது பாதைகளை ஒரே தாளில் கையால் வரைந்து இணைத்தார். பின்னர் அச்சேறிய அந்த வரைபடம் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது. எண்பது வயதைக் கடந்த பின்னரும் அவர் தனிப்பாதைகளுக்கான சிறு வரைபடங்களைக் கணினியில் உருவாக்கிக்கொண்டிருந்தார். 1960களில் ஜெர்மனியில் கெர்ஹார்ட் மிஹால், போரிங்கர் மன்ஹைம் நிறுவனத்திற்காக மற்றொரு புகழ்பெற்ற சுவர் வரைபடத்தைத் தொகுத்தார்.

எனினும், எல்லாவற்றையும் ஒரே தாளில் சேர்த்ததால் ஒரு மயக்கமும் உடன் வந்தது. கொழுப்பு அமிலத்தில் விரலை வைத்து ஒரு மாணவர் அம்புக்குறிகளைத் தொடர்வதாகக் கொள்வோம். கொழுப்பு அமிலம் அசெட்டைல் கோஎன்சைம் ஏ ஆகிறது. அது சுழற்சியில் புகுகிறது. சுழற்சியில் ஆக்சலோஅசிட்டேட் உண்டாகிறது. ஆக்சலோஅசிட்டேட்டிலிருந்து குளுக்கோஸ் உருவாகிறது. ஆகவே இத்தகைய கொழுப்பு அமிலத்திலிருந்து மனித உடல் சர்க்கரையை ஆக்கும் என்று அவர் முடிவு செய்வார். ஒவ்வோர் அம்புக்குறியும் சரியே. முடிவு மட்டும் தவறு.

காரணம் எளிய கணக்கு. இரண்டு கார்பன்கள் உள்ளே வருகின்றன. ஆக்சலோஅசிட்டேட் மீண்டும் உருவாவதற்குள் இரண்டு கார்பன்கள் கரியமில வாயுவாக வெளியேறுகின்றன. நிகர வரவு எதுவும் இல்லை. கொழுப்பிலிருந்து வந்த கார்பன் அணு குளுக்கோஸில் தென்படலாம். குளுக்கோஸின் மொத்த அளவு அதனால் பெருகாது. அம்புக்குறி அணு சென்ற வழியைச் சொல்கிறது. வரவு செலவைச் சொல்வதில்லை.

ஆனால் முளைக்கும் ஆமணக்கு விதை தன் எண்ணெயைச் சர்க்கரையாக்குகிறது. கரியமில வாயு வெளியேறும் படிகளைத் தவிர்க்கும் கிளையாக்சிலேட் சுழற்சியை ஹான்ஸ் கார்ன்பெர்க்கும் கிரெப்ஸும் 1957இல் பாக்டீரியாக்களில் விளக்கினர். விதையிலும் அதுவே நிகழ்கிறது. பொது வரைபடத்தில் இந்தப் பாதையும் மனிதப் பாதைகளுக்கு அருகிலேயே வரையப்பட்டிருக்கும். ஆகவே சுவரில் இருப்பது எந்த ஓர் உயிரினத்தின் உயிரணுவும் அன்று. எல்லா வட்டார வழக்குகளின் சொற்களையும் தொகுத்த பேரகராதியை எந்தத் தனி மனிதரும் பேசுவதில்லை. அதைப் போன்றதே இதுவும்.

1995இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மினோரு கனெஹிசா தொடங்கிய 'கெக்' தரவுத்தளம் இச்சிக்கலுக்கு ஒரு விடை தந்தது. பொதுப்படத்தின் மீது, தேர்ந்தெடுத்த உயிரினத்தின் மரபணுத்தொகுதியில் உள்ள நொதிகளை மட்டும் அது வண்ணமிட்டுக் காட்டுகிறது. எங்கே இடைவெளி இருக்கிறது என்பதும் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. வினையின் வேகம், திசு வேறுபாடு, கட்டுப்பாடு ஆகியவற்றை இத்தகைய நிலைப்படம் காட்டுவதில்லை. அவற்றை ஆசிரியர்தான் சொல்லியாக வேண்டும்.

வரைபடத்தைப் பார்த்து எழுதச் சொல்லும் தேர்வு நினைவாற்றலை மட்டுமே அளக்கிறது. வரைபடத்தை மாணவர் கையில் கொடுத்து, 'இந்த வழி மனிதக் கல்லீரலில் திறந்திருக்கிறதா? கார்பன் கணக்கு சரியாக வருகிறதா? ஒரு நொதி இல்லாவிட்டால் எது தேங்கும்?' என்று கேட்கும் தேர்வு உயிர்வேதியியலை அளக்கிறது. பாதைகள் எங்கே சந்திக்கின்றன என்பதை மாணவர் காண வேண்டும் என்பதற்காகப் பிறந்த தாள் அது. அதை மறைத்துவைத்து ஒப்பிக்கச் சொல்வது, அது பிறந்த நோக்கத்திற்கே மாறானது.