விளையாட்டரங்கு எழும்போது யார் பணம் கட்டுகிறோம்?

ரெக்ஸ்டேலில் உள்ள வூட்பைன் குதிரைப் பந்தயத் திடலில் 8,000 இருக்கைகள் கொண்ட உதைபந்தாட்ட அரங்கொன்றை அமைக்கும் திட்டம் 2021இல் அறிவிக்கப்பட்டது. இப்படியான செய்தி வரும்போது வேலைவாய்ப்பையும் பிள்ளைகளின் விளையாட்டையும் நினைத்து நாம் மகிழ்கிறோம். செலவை யார் ஏற்பது என்பதையும் அப்போதே கேட்க வேண்டும்.

ரொறன்ரோவுக்கு இதில் பழைய பாடம் ஒன்று உண்டு. 1989இல் திறக்கப்பட்ட ஸ்கைடோம் அரங்குக்கு ஒன்ராறியோ அரசும் மெட்ரோ ரொறன்ரோவும் தலா 30 மில்லியன் டொலர் தருவதாகவே தொடங்கினார்கள். கட்டி முடிந்தபோது செலவு சுமார் 570 மில்லியன். பெரும் கடன் மாகாணத்தின் தலையில் விழுந்தது. 1994இல் அரங்கு 151 மில்லியனுக்குத் தனியாருக்கு விற்கப்பட்டது. 2004இல் ரொஜர்ஸ் நிறுவனம் அதை வாங்கிய விலை வெறும் 25 மில்லியன்.

2007இல் திறந்த பிஎம்ஓ ஃபீல்ட் வேறு விதம். ஏறக்குறைய 63 மில்லியன் செலவில் மத்திய அரசு 27, மாகாணம் 8, மாநகரம் 9.8 மில்லியன் கொடுத்தன. அரங்கு இன்றும் மாநகரத்தின் சொத்து.

வரிப்பணத்துக்கு மாற்றாகச் சொல்லப்படுவது நுழைவுச்சீட்டின் மேலதிகக் கட்டணம். பார்க்க வருபவர் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு தொகை கூடுதலாகக் கட்டுவார். எட்மன்ரனில் 2016இல் திறந்த ரொஜர்ஸ் பிளேஸ் அரங்குக்கு 125 மில்லியன் டொலர் இந்த வழியில் ஒதுக்கப்பட்டது. போகாதவர் கட்டத் தேவையில்லை என்பதால் இது நியாயமாகவே தெரிகிறது. ஆனால் கட்டடத்துக்கான பணம் முதலிலேயே தேவை. சீட்டுப் பணமோ பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகத்தான் வரும். இடைவெளியை நிரப்ப மாநகரம் கடன் வாங்கினால், சீட்டு விற்காத காலத்தில் அந்தச் சுமை மறுபடியும் நம்மிடமே வரும். அதே அரங்கில் நம்மவர் இசைநிகழ்ச்சி நடந்தால், அதற்குப் போகும் குடும்பமும் இக்கட்டணத்தைக் கட்ட நேரிடலாம்.

மூன்றாவது வழி வருகையாளரிடம் அறவிடுவது. 2026 உலகக் கிண்ணத்தின் 6 ஆட்டங்களுக்காக ரொறன்ரோ வகுத்த செலவு 380 மில்லியன் டொலர். அதற்கு உதவியாக 2025 ஜூன் 1 முதல் 2026 ஜூலை 31 வரை விடுதி வரி 6 வீதத்திலிருந்து 8.5 வீதமாக உயர்த்தப்பட்டது. ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கும் உறவினரும் இதைக் கட்டுகிறார்.

ஆக, எந்த வழியாக இருந்தாலும் நாம் கேட்க வேண்டியவை நான்கு. செலவு கூடினால் யார் பொறுப்பு? சீட்டு விற்காவிட்டால் கடனை யார் அடைப்பது? அரங்கு யாருக்குச் சொந்தம், விற்றால் பொதுப்பணம் திரும்புமா? அயலில் உள்ள பிள்ளைகளுக்கு மைதானத்தில் எத்தனை மணிநேரம் கிடைக்கும்? கடைசி இரண்டுக்கும் பதில் வாய்மொழியாக அல்ல, ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

மாநகரசபைக் குழுக் கூட்டங்களில் எந்தக் குடியிருப்பாளரும் முன்கூட்டியே பதிவுசெய்து பேசலாம். ஒப்பந்தம் கைச்சாத்தான பிறகு கேட்பதில் பயனில்லை. திட்டம் குழுவுக்கு வரும் நாளிலேயே ரெக்ஸ்டேல் தமிழர் சிலராவது அங்கே இருக்க வேண்டும்.