மூத்தம்மா சொன்னதை அப்படியே சொல்லுங்கள்

 

எங்கள் பக்கத் தோட்டங்களில் வயதான ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் டொக்டர் சிங்களத்தில் கேட்பார். பேரப்பிள்ளையோ எங்களைப் போன்ற ஆசிரியர்களோ இடையில் நின்று மொழிபெயர்ப்போம். பாட்டி, "அந்த... அது... அதுல வச்சேன்" என்பார். நாங்கள், "மருந்தை அலுமாரியில் வைத்தாராம்" என்று ஒழுங்குபடுத்திச் சொல்லிவிடுவோம். உதவி என்று நினைத்துத்தான். ஆனால் டொக்டருக்குப் போய்ச் சேர வேண்டியது அந்த "அது... அது"தான். டிமென்ஷியா என்ற மறதி நோயின் வரலாற்றை வாசித்தபோதுதான் இது எங்களுக்கு விளங்கியது.

அந்த வரலாறு தொடங்குவதே ஒரு பெண்ணின் பேச்சில். 1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகர ஆஸ்பத்திரிக்கு ஆகுஸ்ட டேட்டர் என்ற 51 வயதுப் பெண் கொண்டுவரப்பட்டார். டொக்டர் அலாய்ஸ் அல்சைமர் பெயரைக் கேட்டார். "ஆகுஸ்ட" என்றார். குடும்பப் பெயர்? அதற்கும் "ஆகுஸ்ட". கணவர் பெயர்? அதற்கும் அதே பதில். பூக்கோவாவும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டே, தான் சாப்பிடுவது கீரை என்றார். அல்சைமர் எதையும் திருத்தவில்லை, சொல்லுக்குச் சொல் எழுதிவைத்தார். 1906 இல் அந்தப் பெண் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்து, அதே ஆண்டு அறிஞர்கள் முன் உரையாற்றினார். காணாமல் போயிருந்த அந்தக் கேள்வி பதில் கோப்பு 1995 இல் மீண்டும் கிடைத்தது.

அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் என்பவர் 1986 இல் கன்னியாஸ்திரிகளை ஆராயத் தொடங்கினார். அவர்கள் சுமார் 22 வயதில் கைப்பட எழுதிய சுயசரிதைகள் மடத்தில் பத்திரமாக இருந்தன. வசனத்தில் கருத்து அடர்த்தி குறைவாக எழுதியவர்களிடம் முதுமையில் இந்நோய் அதிகம் காணப்பட்டது என்று 1996 இல் எழுதினார்கள். (உடனே பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளைத் தேடாதீர்கள். தொடர்பு இருந்தது, காரணம் அதுதான் என்று நிரூபணமாகவில்லை.) ஜனாதிபதி ரீகன் தன் நோயை 1994 இல் அறிவித்தார். பதவியில் இருந்தபோது அவர் நடத்திய பத்திரிகையாளர் சந்திப்புகளை 2015 இல் அரிசோனா ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். புதிய சொற்கள் குறைந்து, பொருள் தெளிவில்லாத பொதுச் சொற்கள் கூடியிருந்தன.

இப்போது கணினியே இதை எண்ணுகிறது. ஆனால் அது பழகியது பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் "அவள்" என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், தமிழில் "வந்தாள்" என்றாலே போதும். அந்தக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. பிரட்டுக்குப் போன காலத்து ஆட்களின் பேச்சில் சிங்களமும் தோட்டத்து ஆங்கிலமும் வேறு கலந்திருக்கும்.

பள்ளிக்கூடம் போகாதவரிடம் திகதி கேட்டு, வசனம் எழுதச் சொன்னால் நல்ல மூளையும் தோற்கும். ஹரியானாவின் பல்லப்கட் கிராமங்களில் இதை உணர்ந்த ஆய்வாளர்கள் 1995 இல் இந்தியில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வசனம் எழுதுவதற்குப் பதிலாக, "உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். எங்கள் லயத்துப் பாட்டிமாருக்கும் பொருத்தமான கேள்வி அது.

பெயர் மறந்தாலே இந்நோய் என்று முடிவு கட்டக்கூடாது. காது கேளாமை, மனச்சோர்வு, தைரொய்ட் கோளாறு, விட்டமின் பி12 குறைவு ஆகியவற்றாலும் இப்படி ஆகலாம். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. அதனால்தான் "வயசு போனா அப்படித்தான்" என்று விட்டுவிட வேண்டாம் என்கிறோம்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது மூத்தம்மா சொன்ன அரைகுறை வசனத்தை அரைகுறையாகவே டொக்டரிடம் சொல்லுங்கள். வெளிநாட்டிலுள்ள மகனுக்கு அவர் அனுப்பிய பழைய வட்ஸ்அப் குரல் பதிவுகளை அழிக்க வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முந்தியதையும் இந்த மாதத்ததையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.