வலி போவது வேறு, காயம் ஆறுவது வேறு: ஒரு கால்பந்து வீரரின் தொடைத் தசை சொல்லும் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். வீட்டில் விளையாடுகிற பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என்னுடைய பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். அவருடைய மகன் பதினோராம் வகுப்பு படிக்கிறான். பள்ளிக் கால்பந்து அணியில் ஓரத்தில் ஓடி ஆடுகிறவன், நல்ல வேகக்காரன். பத்து நாளுக்கு முன்னால் பயிற்சியில் முழு வேகத்தில் ஓடும்போது தொடைக்குப் பின்னால் சுரீர் என்று பிடித்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டானாம். இப்போது நடக்கிறான், மாடிப்படி ஏறுகிறான், வலியே இல்லை என்கிறான். ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி.

"ஆடியே தீருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான் சார். நீங்க சொன்னா கேப்பான். என்ன சார் சொல்றது?" என்று கேட்டார்.

ஒற்றைக் காலில் நிற்கிறவன் இரண்டு காலில் ஓட வேண்டுமே என்பதுதான் என் கவலை. நான் டாக்டர் இல்லை. முதலில் பிசியோதெரபிஸ்டிடம் காட்டச் சொன்னேன். பிறகு போனைப் பையனிடம் கொடுக்கச் சொல்லி ஒரு வரலாற்றுக் கதை சொன்னேன். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். கடைசியில் என் சொந்தக் கணக்கு ஒன்றும் பாக்கியிருக்கிறது.

முதலில் அந்தத் தசை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். நாற்காலியில் உட்காரும்போது பிட்டத்துக்கு அடியில் கடினமாக ஒரு எலும்பு படும் அல்லவா? அங்கிருந்து தொடையின் பின்பக்கமாக மூன்று தசைகள் இறங்கி, முழங்காலைத் தாண்டிக் கீழ்க்கால் எலும்புகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒன்று வெளிப்பக்கம், இரண்டு உள்பக்கம். முழங்காலை மடக்கி, அதன் பின்புறம் விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் கயிறு மாதிரி தட்டுப்படும். அந்தத் தசைகளின் நாண்கள்தான் அவை. இந்த மூன்றையும் சேர்த்துத்தான் ஹாம்ஸ்ட்ரிங் என்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் 'ஹாம்' என்றால் முழங்காலின் பின்மடிப்பு, 'ஸ்ட்ரிங்' என்றால் நாண்.

அந்தக் காலப் போர்களில் எதிரியிடமிருந்து பிடித்த குதிரைகளைக் கொல்லாமல் பின்னங்கால் நாணை மட்டும் வெட்டிவிடுவார்களாம். பைபிளில் யோசுவா புத்தகத்திலேயே இது வருகிறது. குதிரை உயிரோடு இருக்கும், ஆனால் ஓட்டம் போய்விடும். ஓடுகிற உயிருக்கு அந்த நாண் எத்தனை முக்கியம் என்பது மருத்துவர்களுக்கு முன்பே படைவீரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வேகமாக ஓடும்போது காலை முன்னால் வீசுகிறோம். பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, முன்னால் பாய்கிற கீழ்க்காலைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் வேலையைச் செய்வது இந்தத் தசைகள்தான். ஒரே நேரத்தில் நீளவும் வேண்டும், இறுக்கிப் பிடிக்கவும் வேண்டும். அந்த நொடியில்தான் பெரும்பாலும் கிழிகிறது. யாரும் மோத வேண்டாம், யாரும் உதைக்க வேண்டாம். தன் வேகமே தன்னைக் கிழிக்கிறது.

பழைய கால்பந்தில் இப்படி ஒருவர் விழுந்தால் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்ய முடியாது. மாற்று ஆட்டக்காரர் என்ற விதியே கிடையாது. 1962இல் சிலி நாட்டில் நடந்த உலகக் கோப்பையில், செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிரான ஆட்டத்தில், பிரேசிலின் பெலேவுக்குத் தொடை இடுக்குத் தசை கிழிந்தது. அப்போது அவருக்கு வயது 21. வெளியே போனால் அணியில் பத்துப் பேர்தான் என்பதால், நொண்டிக்கொண்டே ஓரமாக நின்றார். அவரிடம் பந்து வந்தபோது செக் வீரர்கள் சிலர் முரட்டுத்தனமாகப் பாயாமல் விலகி நின்றார்கள். அந்தப் பெருந்தன்மையைப் பெலே பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் கோப்பையில் அதன் பிறகு அவர் ஆடவில்லை. இங்கிலாந்து லீக்கில் 1965இல்தான் காயம்பட்டவருக்குப் பதில் ஒருவரை இறக்கலாம் என்று விதி வந்தது. உலகக் கோப்பையில் அது வந்தது 1970இல்.

இனி நம் கதாநாயகனுக்கு வருவோம். இங்கிலாந்தின் மைக்கேல் ஓவன்.

1998 உலகக் கோப்பை, பிரான்ஸ். ஜூன் 30ஆம் தேதி அர்ஜென்டினாவுக்கு எதிராக 18 வயதுப் பையன் ஒருவன் நடுத்திடலில் பந்தை வாங்கி, இரண்டு தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி ஓடி, கோல் போட்டான். அன்று ராத்திரி கண் விழித்துத் தூர்தர்ஷன் பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டம் மறக்காது. உலகமே அவன் பெயரைச் சொன்னது.

பத்து மாதம் கூட ஆகவில்லை. 1999 ஏப்ரல் 12, லீட்ஸ் நகரத்தின் எல்லண்ட் ரோடு மைதானம். லிவர்பூல் அணிக்காக ஆடிய ஓவன், முன்னால் போட்ட பந்தைத் துரத்தி முழு வேகத்தில் ஓடினார். வலது தொடையின் பின்பக்கம் அறுந்தது. அவருக்கு அப்போது வயது 19. அந்த சீசன் அதோடு முடிந்தது. அப்படியும் 18 கோல்களோடு அந்த ஆண்டு லீக்கில் அதிக கோல் போட்ட மூவரில் அவரும் ஒருவர்.

அறுந்த நாணை அறுவை சிகிச்சை செய்து பழைய இடத்தில் தைக்கவில்லை. ஓய்வு கொடுத்தார்கள், தானாக ஆறியது. ஆனால் இருந்த இடத்தில் இருந்தபடி ஆறவில்லை. அதன் பிறகு இடது காலில் மூன்று தசையும் வலது காலில் இரண்டு தசையுமாகத்தான் ஓடினேன் என்று அவரே பல வருடம் கழித்துச் சொல்லியிருக்கிறார்.

"அப்புறம் அவர் ஆடவே இல்லையா தாத்தா?" என்று பையன் கேட்டான்.

ஆடினார், நன்றாகவே ஆடினார். 2001 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் ஆர்சனலுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் இரண்டு கோல். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெர்மனியை அவர்கள் மண்ணிலேயே 5-1 என்று வென்றபோது மூன்று கோல். அந்த ஆண்டின் பலோன் தோர் விருதும் அவருக்குத்தான். இங்கிலாந்துக்காக 89 ஆட்டங்களில் 40 கோல்.

உள்ளே நடந்தது வேறு. தசைக் காயங்கள் திரும்பத் திரும்ப வந்தன. பந்தை நோக்கி முழு வேகத்தில் ஓட வேண்டிய நேரத்தில் எங்கே மறுபடியும் கிழிந்துவிடுமோ என்று பயந்தேன், கடைசி சில வருடங்கள் விளையாட்டே பிடிக்காமல் போய்விட்டது என்று பின்னாளில் மனம் திறந்து பேசினார். 2010 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக லீக் கோப்பை இறுதிப் போட்டியில் கோல் போட்ட அதே ஆட்டத்தில், முதல் பாதி முடிவதற்குள் ஹாம்ஸ்ட்ரிங் பிடித்துக்கொண்டு வெளியேறினார். அந்த முறை அறுவை சிகிச்சை செய்தார்கள். 2013இல் 33 வயதில் ஓய்வு பெற்றார். அவருடைய முழங்காலிலும் பாதத்திலும்கூடப் பெரிய காயங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் லீட்ஸ் மைதானத்தையே காரணம் சொல்ல முடியாது. ஆனால் தன் ஓட்டம் மாறிய நாள் அதுதான் என்பது அவர் கணிப்பு.

ஓவனுக்கு அடிபட்ட காலத்தில் இந்தக் காயத்தைப் பற்றிக் கணக்கெடுப்பே அப்போதுதான் தொடங்கியிருந்தது. 1997 முதல் 1999 வரை இரண்டு சீசன்கள் இங்கிலாந்தின் தொழில்முறை அணிகளில் கால்பந்துச் சங்கம் எடுத்த கணக்கு 2004இல் வெளியானது. மொத்தக் காயங்களில் 12 சதவீதம் ஹாம்ஸ்ட்ரிங். பாதிக்கு மேல் நேராக ஓடும்போது வந்தவை. ஆட்டங்களில் வந்தவற்றில் கிட்டத்தட்ட பாதி, ஒவ்வொரு பாதியின் கடைசிப் பகுதியில், களைத்த கால்களில் வந்தவை.

2001இல் ஸ்வீடனைச் சேர்ந்த டாக்டர் யான் எக்ஸ்ட்ராண்ட் தலைமையில் ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கியது. தொடங்கிய ஆண்டில் மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங் 12 சதவீதம். 2021-22 சீசனில் அது 24 சதவீதம்! இத்தனை மருத்துவர்களும் கருவிகளும் பெருகியும், பங்கு இரண்டு மடங்காகிவிட்டது. ஆட்டத்தின் வேகம் கூடிவிட்டது, ஆட்டங்களின் எண்ணிக்கையும் கூடிவிட்டது, ஓய்வு குறைந்துவிட்டது என்பதுதான் நிபுணர்கள் முக்கியமாகச் சொல்லும் காரணம்.

பையனிடம் நான் அழுத்திச் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. அந்த ஆய்வில் கண்ட ஹாம்ஸ்ட்ரிங் காயங்களில் 18 சதவீதம், ஏற்கெனவே கிழிந்த இடத்திலேயே திரும்ப வந்தவை. அப்படித் திரும்ப வந்தவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், மைதானத்துக்குத் திரும்பிய இரண்டு மாதத்துக்குள் வந்தவை. உலகத்திலேயே சிறந்த மருத்துவர்கள் பார்த்து அனுப்பிய கால்களின் கதையே இதுதான்.

இன்னொரு பாடம் 2014. அட்லெடிகோ மாட்ரிட் அணியின் தியேகோ கோஸ்டா மே 17ஆம் தேதி பார்சிலோனாவுடன் ஆடும்போது ஹாம்ஸ்ட்ரிங் பிடித்து வெளியேறினார். சரியாக ஒரு வாரத்தில் லிஸ்பனில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. பெல்கிரேடுக்குப் போய்க் குதிரையின் நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த மருந்தால் சிகிச்சை பெற்றதாகச் செய்திகள் வந்தன. (குதிரையில் தொடங்கிய கதை குதிரைக்கே வந்துவிட்டது பாருங்கள்!) மே 24 அன்று களத்தில் இறங்கினார். ஒன்பதே நிமிடம். வெளியே வந்துவிட்டார். மூன்று மாற்று வாய்ப்புகளில் ஒன்று அப்போதே போய்விட்டது. 93ஆவது நிமிடம் வரை முன்னிலையில் இருந்த அணி, கூடுதல் நேரத்தில் கால் ஓய்ந்து 4-1 என்று ரியல் மாட்ரிட்டிடம் தோற்றது. ஒருவருடைய அவசரம் அணிக்கே பாரமாகிவிடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

சரி, தப்பிக்க வழியே இல்லையா? உண்டு. அதுவும் காசு செலவில்லாத வழி. முழங்காலிட்டு நிற்க வேண்டும். நண்பர் ஒருவர் பின்னாலிருந்து கணுக்காலை அழுத்திப் பிடித்துக்கொள்வார். இடுப்பை மடக்காமல் உடம்பை மெதுவாக, மிக மெதுவாக முன்னால் சாய்த்துக்கொண்டே போக வேண்டும். விழாமல் தாங்கிப் பிடிப்பது அந்தப் பின்தொடைத் தசைகள். இதற்கு நார்டிக் பயிற்சி என்று பெயர். 2011இல் டென்மார்க்கில் 50 அணிகள், 942 வீரர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். பாதி அணிகள் பத்து வாரம் இந்தப் பயிற்சியைச் செய்து, பிறகு வாரம் ஒரு முறை தொடர்ந்தன. செய்யாத அணிகளில் 52 காயம். செய்த அணிகளில் 15.

இவ்வளவு தெரிந்தும் பெரிய கிளப்புகளில் பெரும்பாலானவை இதை ஒழுங்காகச் செய்வதில்லை என்று 2015இல் ஓர் ஆய்வு சொன்னது. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் போலும்.

ஆறுகிற முறையிலும் கருத்து மாறியிருக்கிறது. ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978இல் சூத்திரமாகத் தந்த அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், 2014இல் ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தானே திருத்தி எழுதினார். தவறு தெரிந்தால் திருத்திக்கொள்வது பெரியவர்களுக்கு அழகு. 2013இல் ஸ்வீடனில் கார்ல் ஆஸ்க்லிங் 75 கால்பந்து வீரர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். தசையை நீட்டியபடியே வலுவேற்றும் பயிற்சி செய்தவர்கள் சராசரியாக 28 நாளில் திரும்பினார்கள். வழக்கமான பயிற்சி செய்தவர்களுக்கு 51 நாள். வேகமாகக் குணமானவர்களுக்கே நான்கு வாரம் என்பதைக் கவனியுங்கள். நம் பையன் கேட்டது பத்து நாளில்.

இப்போது என் கணக்குக்கு வருகிறேன்.

நான் இடைநிலை ஆசிரியர். எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இல்லாத வருடங்களில் விளையாட்டுப் பொறுப்பும் என்னிடம்தான். ஒரு குறுவட்டப் போட்டியில் காலையில் அரையிறுதி, மதியம் இறுதி. காலை ஆட்டத்தில் எங்கள் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தைலம் போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டேன். "ஒண்ணுமில்லடா, சதை பிடிப்புதான், ஓடினா சரியாயிடும்" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினான். வலிக்கிறது என்று என்னிடம் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. மதியம் இறங்கினான், கால் மணி நேரத்தில் விழுந்தான். அந்த வருடம் முழுக்க நொண்டினான். பிறகு அவன் விளையாடி நான் பார்த்ததில்லை. கோப்பை எங்களுக்குக் கிடைத்தது. தலைமையாசிரியர் அறையில் அது இருந்த பல வருடமும் நான் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை.

தம்பி, நீ இந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். எனக்கு அன்று விவரம் தெரியாது என்பது உண்மை. ஆனால் உன் முகத்தைப் பார்த்தபோது வலிக்கிறது என்பது தெரிந்தது. அதையும் மீறி அனுப்பினேன். அது என் தவறு. முப்பது வருடம் தாமதமாகக் கேட்கிறேன், மன்னித்துவிடு.

போனில் பேசிய பையனின் செய்தி: பிசியோதெரபிஸ்ட் படுக்கவைத்துக் காலை நேராக வேகமாக உயர்த்தச் சொன்னாராம். பாதியிலேயே முகம் சுளித்துவிட்டான். ஞாயிறு ஆடவில்லை. என்மேல் கோபமாக இருக்கிறான் என்று அவன் அப்பா சொன்னார். இருக்கட்டும். கோபம் சீக்கிரம் ஆறிவிடும்.

பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புங்கள். ஆனால் வலிக்கிறது என்று அவர்கள் தயங்காமல் சொல்லக்கூடிய அப்பாவாக, அம்மாவாக, ஆசிரியராக இருங்கள்.

அனைவரும் நலமுடன் வாழ்க.

அன்புடன்,
உங்கள் சார்