ஸ்காண்டிநேவியக் கோப்பை

ஸ்காண்டிநேவியக் கோப்பை, கிராஸ்-கன்ட்ரி பனிச்சறுக்கில் உலகக் கோப்பைக்கு அடுத்த படியில் உள்ள வட்டாரப் போட்டித் தொடர். பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பான எஃப்.ஐ.எஸ். நடத்தும் கண்டக் கோப்பைகளுள் ஒன்றாக 2004–05 பருவம் முதல் நடந்துவருகிறது. நார்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய வட ஐரோப்பிய நாடுகளும் எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய பால்டிக் நாடுகளும் இதில் முதன்மையாகப் பங்கேற்கின்றன. பிற நாட்டவர் கலந்துகொள்ளவும் தடையில்லை.

கிராஸ்-கன்ட்ரி பனிச்சறுக்கு, மலைச்சரிவில் வேகமாக இறங்கும் ஆல்பைன் பனிச்சறுக்கிலிருந்து வேறுபட்டது. இதில் ஏற்றமும் இறக்கமும் சமதளமும் கலந்த தடத்தை வீரர் தம் உடல்வலுவால் மட்டுமே கடக்க வேண்டும். காலணியின் முன்முனை மட்டும் பலகையோடு பிணைக்கப்பட்டிருக்கும். குதிகால் தூக்கி ஊன்றுவதற்கு வசதியாக விடுபட்டிருக்கும். இரு கைகளிலும் உந்துகோல்கள் உண்டு.

பின்னணி

இவ்விளையாட்டின் பழைய மையங்கள் வட ஐரோப்பாவில் உள்ளன. ஆஸ்லோவின் ஹோல்மன்கொல்லன் போட்டிகள் 1892-லும், பின்லாந்தின் லாத்தி போட்டிகள் 1923-லும் தொடங்கின. எஃப்.ஐ.எஸ். 1924-ல் பிரான்சின் ஷாமனியில் நிறுவப்பட்டது. அதே ஆண்டு அதே ஊரில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் 18 கி.மீ., 50 கி.மீ. பந்தயங்கள் இடம்பெற்றன, 50 கி.மீ. பந்தயத்தின் முதல் நான்கு இடங்களையும் நார்வே வீரர்களே பிடித்தனர். பெண்களுக்கான பந்தயம் 1952 ஆஸ்லோ ஒலிம்பிக்கில் அறிமுகமானது.

பருவம் முழுவதும் பல ஊர்களில் நடக்கும் பந்தயங்களின் புள்ளிகளைத் தொகுத்து வாகையரை முடிவுசெய்யும் உலகக் கோப்பை 1981–82-ல் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. அதன் முதல் வெற்றியாளர்கள் அமெரிக்காவின் பில் கோச், நார்வேயின் பெரிட் ஔன்லி. அங்கே ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனை பேர்தான் என்ற வரம்பு உண்டு. ஒலிம்பிக்கில் ஒரு பந்தயத்துக்கு ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் நால்வர்தான் இறங்கலாம். உள்நாட்டில் தேர்ந்த வீரர்கள் மிகுந்த நாடுகளை இவ்வரம்பு இறுக்கிப்பிடிக்கிறது. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில், இரு சறுக்குப் பாணிகளும் அடுத்தடுத்து வரும் ஆண்கள் ஸ்கியாத்லான் பந்தயத்தில் மூன்று பதக்கங்களும் நார்வேக்கே போயின. அத்தகைய அணியில் இடம் கிடைக்காத ஒருவர், வேறு பல நாடுகளின் முதல்நிலை வீரரைவிட வல்லவராக இருக்கக்கூடும். அவருக்கும், வளர்ந்துவரும் இளையோருக்கும் பன்னாட்டுத் தரத்தில் களம் தருவதே இத்தொடரின் முதன்மைப் பணி.

போட்டி அமைப்பு

பந்தயங்கள் பெரும்பாலும் வார இறுதிகளில் அடுத்தடுத்த நாள்களில் நடக்கும். ஸ்பிரின்ட், தனித்தனியாகப் புறப்படும் நேரப் பந்தயம், அனைவரும் ஒன்றாகப் புறப்படும் கூட்டுப் பந்தயம், முந்தைய நாள் நேர இடைவெளியை வைத்துப் புறப்படும் துரத்தல் பந்தயம் ஆகியவை வழக்கமான வகைகள்.

ஸ்பிரின்ட் குறுந்தொலைவுப் பந்தயம். தகுதிச்சுற்றில் விரைவாக முடித்த 30 பேர் அறுவர் கொண்ட ஐந்து கால் இறுதிகளாகப் பிரிக்கப்படுவர். ஒவ்வொன்றிலும் முதல் இருவரும், எஞ்சியோரில் சிறந்த நேரம் எடுத்த இருவரும் அரையிறுதிக்குச் செல்வர். இதே முறையில் இரண்டு அரையிறுதிகளிலிருந்து அறுவர் இறுதிக்கு வருவர்.

சறுக்கும் பாணிகள் இரண்டு. கிளாசிக் பாணியில் பலகைகள் பனியில் செதுக்கிய இணைத்தடங்களில் நேராகச் செல்லும். பாதத்துக்கு நேர் கீழே உள்ள நடுப்பகுதியில் பிடிமெழுகும், முன்பின் பகுதிகளில் வழுக்கு மெழுகும் பூசப்படும். வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியிருக்கும் நாளில் மெழுகைத் தேர்வது கடினம்: பிடி குறைந்தால் ஏற்றத்தில் கால் பின்னுக்கு வழுக்கும், கூடினால் பலகையின் அடியில் பனி ஒட்டிக்கொள்ளும். ஃபிரீ-ஸ்டைல் பாணியில் ஸ்கேட்டிங் போலப் பக்கவாட்டில் உந்திச் செல்வதால் பிடிமெழுகு தேவைப்படாது. ஸ்கேட்டிங் அசைவு 1980-களில் பரவியதை அடுத்து இரு பாணிகளுக்கும் தனித்தனிப் பந்தயங்கள் ஏற்பட்டன.

புள்ளிகளும் நுழைவுரிமையும்

இத்தொடரில் இருவகைப் புள்ளிகள் கவனிக்கப்படுகின்றன. முதல் வகை, தொடரின் தரவரிசைக்கானது. பந்தயத்தில் பெறும் இடத்தைப் பொறுத்து வழங்கப்படும் இப்புள்ளிகளைப் பருவம் முழுவதும் கூட்டி வாகையர் முடிவாகிறார். இரண்டாம் வகை, வீரரின் பன்னாட்டுத் தரத்தைக் காட்டும் எஃப்.ஐ.எஸ். புள்ளி. இது குறையக் குறைய நல்லது. வெற்றியாளரின் நேரத்தைவிட எத்தனை பங்கு கூடுதலாக எடுத்துக்கொண்டார் என்பதைப் பந்தய வகைக்குரிய எண்ணால் பெருக்கி இது கணக்கிடப்படுகிறது. தனிப்புறப்பாட்டுப் பந்தயத்துக்கு அவ்வெண் 800. வெற்றியாளர் 30 நிமிடங்களில் முடித்த பந்தயத்தில் 18 வினாடி பிந்தியவர் நூற்றில் ஒரு பங்கு பிந்தியிருப்பதால் அவருக்கு 8 புள்ளி. பந்தயத்தில் இறங்கியோரின் தரத்தைப் பொறுத்த ஒரு மிகைப்புள்ளி எல்லோருக்கும் இதனுடன் சேரும். உலகக் கோப்பையில் இம்மிகை சுழியம். வலுக்குறைந்த பந்தயங்களில் அதிகம்.

தரவரிசையில் முதலிடம் பெறுபவருக்குப் பணப்பரிசைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு. உலகக் கோப்பைப் பருவம் பல கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு கட்டத்தின் முடிவில் கண்டக் கோப்பையில் முன்னணியில் இருக்கும் ஆணும் பெண்ணும் அடுத்த கட்ட உலகக் கோப்பைப் பந்தயங்களில் தம் நாட்டின் ஒதுக்கீட்டுக்கு மேலாகத் தனி இடம் பெறுகின்றனர். தேசியத் தேர்வாளர்கள் எடுக்காமல் விட்டவருக்கும் இவ்வாறு உலக அரங்கு திறக்கிறது.

களங்கள்

பின்லாந்தின் வுவோகாத்தி, லாத்தி, சுவீடனின் ஓஸ்டர்சுண்ட், ஃபாலுன், எஸ்தோனியாவின் ஓத்தேபா, லாத்வியாவின் மதோனா ஆகியவை போட்டி நடந்த ஊர்களுள் சில. பருவத் தொடக்கத்தில் பனி போதாமல் போவதுண்டு. கோடைக்காலத்திலும் பயிற்சி தடைபடாதபடி வுவோகாத்தியில் 1997-ல் சறுக்குச் சுரங்கம் ஒன்று திறக்கப்பட்டது. முந்தைய குளிர்காலப் பனியைக் குவித்து மரத்தூளால் மூடிக் கோடை கடத்திப் பாதுகாக்கும் முறையை ஓஸ்டர்சுண்ட் கையாள்கிறது.

விதி மாற்றங்கள்

எஃப்.ஐ.எஸ். கொண்டுவந்த மாற்றங்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. முதலாவது, உலகக் கோப்பையில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் 2022–23 பருவம் முதல் ஒரே தொலைவு என்பது. மற்றது ஃபுளோரின் கலந்த மெழுகுகளுக்கு 2023–24 பருவத்தில் நடைமுறைக்கு வந்த தடை. ஈரப்பனியில் மிக வேகமாக வழுக்கும் இம்மெழுகுகள் உடலுக்கும் சுற்றுச்சூழலுக்கும் கேடு விளைவிப்பவை, விலையும் அதிகம்.

பிற கண்டக் கோப்பைகளுடன் ஒப்பீடு

ஆல்ப்ஸ் மலை நாடுகளுக்கான கோப்பை, பால்கன் கோப்பை, ஸ்லாவியக் கோப்பை, கிழக்கு ஐரோப்பியக் கோப்பை, தூரகிழக்குக் கோப்பை, ஆஸ்திரேலிய–நியூசிலாந்துக் கோப்பை, வட அமெரிக்காவின் நோர்-ஆம் கோப்பை, அமெரிக்கச் சூப்பர் டூர் ஆகியவை இதே படியில் உள்ள பிற தொடர்கள். பெயரளவில் இவை சமமானவை என்றாலும் போட்டித் தரம் ஒன்றல்ல. பனிச்சறுக்கு வேரூன்றாத பகுதிகளில் கண்டக் கோப்பையே உள்நாட்டு வீரர் எட்டக்கூடிய உச்சம். அங்கே அது விளையாட்டைப் பரப்பும் கருவி. ஸ்காண்டிநேவியாவிலோ உலகக் கோப்பை அணிகளில் இடம் கிடைக்காதோர் திரளும் களமாக இருப்பதால் முதல் சில இடங்களுக்கே கடும் போட்டி நிலவுகிறது.